கரட்டுக்கு விலை கேட்டு வந்த ஜீப்

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது தெற்கே ஒரு பெரிய பள்ளம் தெரியும். மழைக்காலத்தில் அதில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். விளிம்புக்குப் போகாதீர்கள் என்று தினமும் கத்துகிறேன் அல்லவா, அந்தப் பள்ளம் உங்களில் மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது மேடாக இருந்தது. வரப்பு மேடு இல்லை, கரடு, பாறையும் முள்ளுமான சின்ன மலை. ஆட்டை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் காலையில் ஏறினால் மேய்த்து அந்தப் பக்கம் இறங்க மதியம் ஆகிவிடும். இப்போது வடக்கு ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது.

கரடு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்டபோது, "ஜல்லியாயி ரோட்டுல கெடக்குது, போயிப் பொறுக்கிக்கோங்க" என்று உங்கள் மாமன் சொல்லிச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கரட்டை எப்படிக் கொடுத்தோம், கொடுக்கும்முன் அதற்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்று யாராவது ஒருவர் சொல்லி வைக்க வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்று, திரும்ப எழுதாமல் விட்டவன். இது முழுக்கக் கணக்கு விவகாரம். தப்பு இருந்தால் படித்த பிள்ளைகள் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கரட்டில் தேக்கு, சந்தனம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஊஞ்சை, வெள்வேல், ஆவாரை, கள்ளி, பாறை இடுக்கில் புல். வெளியூர் ஆட்கள் பார்த்தால், "என்னங்க வெறும் முள்ளுக்காடு" என்பார்கள். ஆனால் ஊரில் பாதிப் பேருடைய அடுப்பு அந்த முள்ளுக்காட்டில்தான் எரிந்தது. வெள்ளாடு வைத்திருந்தவர்களுக்கு வேறு மேய்ச்சல் கிடையாது. தலைக்குத் தேய்க்கிற அரப்பு இலை உருவிக் காயவைத்து இடித்துத் திருச்செங்கோடு சந்தைக்குக் கொண்டுபோன பெண்கள் இருந்தார்கள். புல் அறுத்துச் சீமாறு, அதாவது துடைப்பம், கட்டி விற்றவர்கள் இருந்தார்கள். வயலுக்குத் தழை, கிணற்றுமேட்டுக்குக் கம்பு, புது மழைக்குக் காளான் என்று அவரவருக்கு வேண்டியது அவரவருக்குத் தெரிந்த பாறைக்குப் பக்கத்தில் இருந்தது.

எனக்கு இதெல்லாம் அப்புறம்தான். எனக்குக் கரடு என்றால் கிணறு. நம் தோட்டம் கரட்டின் காலடியில் இருக்கிறது. மேலே விழுகிற மழை சருகிலும் வேரிலும் நின்று, மெல்ல மெல்ல இறங்கி, நம் கிணற்றின் தெற்குச் சுவரில் ஓர் ஊற்றுக்கண் வழியாக வந்து விழும். எழுபதுகளில் மழை பொய்த்த வருஷங்களில் சுற்றிலும் கிணறுகள் வறண்டு, மாடுகளை ஓமலூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்போதும் நம் கிணற்றில் காலையில் கொஞ்ச நேரம் மாடு கட்டிக் கவலை இறைக்கத் தண்ணீர் ஊறியது. எண்பதில் மோட்டார் வைத்தேன். குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போட்டேன். அந்தக் கிணறு இருந்தால் நான் விவசாயி. இல்லாவிட்டால் பவர்லூமுக்குப் போக வேண்டியதுதான். கரடு போனால் கிணறு போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயந்தது அதற்காக. ஊருக்காகக் கிளம்பிய பெரிய மனிதன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கரடு சர்க்கார் சொத்து. சட்டப்படி யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆடு ஏறினால் காட்டிலாகா கார்டு பிடித்துப் பவுண்டுத் தொழுவத்தில் அடைப்பார். விறகு வெட்டினால் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார். எங்கள் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். அதனால் காக்கிச் சட்டையைக் கண்டால் ஊர் முழுக்க ஒரே பதில்: "நாங்க கரட்டுப் பக்கமே போறதில்லீங்க." குழந்தைகளுக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கரட்டைக் கல்லுக்குக் கேட்கிறார்கள் என்ற செய்தியை உங்கள் மாமன்தான் கொண்டு வந்தார். அவர் அப்போது பஞ்சாயத்து மெம்பர். அவர் தோட்டமும் நம் தோட்டத்தை ஒட்டிக் கரட்டடியில்தான்.

"மாப்ள, வெளியூர்க் கம்பெனி ஒண்ணு கரட்ட லீசுக்குக் கேட்டுருக்குது. கிரஷர் போடறாங்களாம். ரோடு வரும், நம்ம பசங்களுக்கு லாரியில வேலை வரும்."

"தண்ணி போயிருமே மச்சான்."

"நீ எப்பப் பார்த்தாலும் கெணத்துக்குள்ளயே தலைய உட்டுக்கிட்டு இரு."

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். இப்போதெல்லாம் காட்டை எடுத்த எடுப்பில் கொடுத்துவிட மாட்டார்களாம். கொடுத்தால் என்ன நஷ்டம் என்று முதலில் மதிப்புப் போட ஓர் அதிகாரி வருவாராம். அந்த அதிகாரி யார் என்று விசாரித்துக்கொண்டு மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினேன். சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு மாடி ஆபீஸைக் கண்டுபிடித்துப் போய் நின்றேன்.

அதிகாரி என்னைவிடச் சின்னவர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி பயம் போயிற்று.

"மரத்துக்கு மட்டும் விலை போட்டா அது விறகு விலைதான்," என்றார். "காடு ஊருக்கு என்னென்ன தருதோ அத்தனைக்கும் விலை போடணும். மேய்ச்சல், விறகு, தண்ணி, மண்ணு கரையாம இருக்கறது, எல்லாத்தையும் ரூபாயாக்கி ஒரு தட்டுல வைக்கணும். கல்லுல வர்ற வருமானத்தை இன்னொரு தட்டுல வைக்கணும்."

"எது எடை சாஸ்தியோ அது செயிக்குங்களா?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நான் ஊருக்கு வந்து கேட்கறேன். ஜனங்க உள்ளதைச் சொன்னாப் போதும்."

ஜனங்கள் உள்ளதைச் சொன்னால் போதும்! வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மனசுக்குள் ஆடுகளையும் அரப்பு மூட்டைகளையும் தராசில் ஏற்றிக்கொண்டே வந்தேன். தட்டு நம் பக்கம் தரை தட்டி நின்றது.

ஊருக்கு வந்து வீடு வீடாகப் போனேன். இந்த ஒரு தடவை மட்டும் மறைக்காதீர்கள், என்னென்ன எடுக்கிறீர்களோ அத்தனையும் சொல்லுங்கள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கரட்டடிக் குடிசையில் ஆடு வைத்திருந்த ஓர் அம்மாள் இருந்தாள். கணவன் இல்லை, நிலம் இல்லை, ஆடுகள்தான் அவளுக்கு எல்லாம். அவள் என்னைவிட உஷாராகப் பேசினாள்.

"சொல்லிப்போடறேன் சாமி. ஆடு எத்தனை, எங்க மேயுது, எங்க தண்ணி குடிக்குது, அம்புட்டும் சொல்லிப்போடறேன். எனக்கென்ன பயம்?"

வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னேன். உங்கள் அம்மா குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே, "ஏனுங்க, ஊருக்கே பாடம் நடத்தியாச்சுங்களா? வாத்தியாருக்குச் சம்பளம் யாரு தாராங்க?" என்றாள்.

மறுநாள் ஜீப் வந்தது. அதிகாரி பின்னால் இருந்து இறங்கினார். முன்சீட்டில் இருந்து இறங்கியவர் கார்டு.

கரட்டின் எல்லை தெரிந்த ஆள் வேண்டும் என்று அவரைக் கூட்டி வந்தார்களாம். எல்லை காட்ட வேறு ஆளே கிடைக்கவில்லையா? மேய்ந்த ஆட்டைப் பிடிக்கிறவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆடு எங்கே மேய்கிறது என்று கேட்டால் எவள் சொல்லுவாள்? இவ்வளவு படித்தவருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

முதலில் ஆட்டுக்கார அம்மாள் குடிசை.

"உங்ககிட்ட ஆடு எத்தனை இருக்கும்மா?"

"ஆடுங்களா? நம்மகிட்ட ஏதுங்க ஆடு."

ஒரு வெள்ளாட்டுக் குட்டி அவள் முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது. அதிகாரி அதைக் கையால் காட்டினார்.

"இதுங்களா? இது ஒறவுக்காரங்க ஊட்டு ஆடுங்க. நோம்பிக்கு வந்துருக்குது."

"என்ன பண்டிகை?"

"வருமுங்க."

குடிசைக்குப் பின்னால் பட்டியில் ஆடுகள் கத்தின. கார்டு வேறு பக்கம் பார்த்து மீசையைத் தடவினார். அவள் ஆடுகளை அவருக்குக் கொம்பு கொம்பாகத் தெரியும்.

"கரட்டுக்குப் போறதுண்டா?"

"அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்லீங்க. பாம்பு கெடக்குது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆத்தா, நேத்து என்ன சொன்னே எங்கிட்ட?"

"நேத்துங்களா சாமி? நேத்து நானு ஊர்லயே இல்லீங்களே."

அடுத்தது சீமாறு கட்டுகிறவர் வீடு. சுவர் தெரியாத அளவுக்குச் சீமாறு சாய்த்து வைத்திருந்தது. புல் எங்கே அறுக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"அறுக்கறதில்லீங்க. கடையில வாங்கினதுங்க."

"இத்தனையுமா?"

"ஊட்டுல குப்பை சாஸ்திங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். கார்டும் சிரித்தார். சுற்றி நின்ற கூட்டமும் சிரித்தது. எல்லாருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டு ஒரு கரட்டைக் குழியில் தள்ளுகிறார்கள், நான் ஒருவன் மட்டும் அழுகிற மூஞ்சியோடு நிற்கிறேன். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் இதே பாட்டு. ஊரில் ஆடு இல்லை, அரப்பு இல்லை, விறகு எரிக்கிறவர்களே இல்லை. என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டால், "என்னமோ எரிக்கறமுங்க."

கடைசியாக அவரை நம் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கார்டை ஜீப்பிலேயே உட்கார வைத்துவிட்டு வந்தார். அதுவரைக்கும் வந்த ஒரே நல்ல யோசனை அது. கிணற்றை எட்டிப் பார்த்தார். தெற்குக் கண்ணில் தண்ணீர் நெளிந்து விழுந்துகொண்டிருந்தது.

"இதுக்கு எப்படிங்க வெலை போடுவீங்க? தண்ணிய நாங்க விக்கறதில்லீங்களே."

"விக்காத பொருளுக்கும் வழி இருக்கு," என்றார். "இதே மண்ணு, இதே வெயில். தண்ணி இருந்தா ஏக்கருக்கு எத்தனை மூட்டை கிழங்கு? தண்ணி இல்லாம மானாவாரியா எதைப் போட்டா என்ன வரும்? இதுலேருந்து அதைக் கழிச்சா மிஞ்சுறது தண்ணியோட விலை."

சின்னக் கழித்தல்! கணக்கில் தோற்ற எனக்கே ஒரு நொடியில் புரிந்தது. அப்படியே அவர் காலில் விழலாமா என்றிருந்தது. மூட்டைக் கணக்கை ஒளிக்காமல் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடாமல் கேட்டார்.

"இந்தத் தண்ணி கரட்டிலேருந்துதான் வருதுன்னு எப்படிச் சொல்றது? ஒரு கிணத்தை மட்டும் வெச்சு நான் எழுத முடியாது. பக்கத்துக் கிணறுகளும் இப்படித்தானா?"

பக்கத்துக் கிணறு உங்கள் மாமனுடையது. அவருக்கும் கண் தெற்கில்தான். அவரையே கூப்பிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மெம்பர் ஆயிற்றே, அதிகாரியிடம் எடுத்துச் சொல்வார் என்று நம்பினேன்.

"எங்க கெணத்துத் தண்ணி எங்க கெணத்துலயே ஊறுதுங்க," என்றார். "நீரோட்டம் பார்த்து எங்கப்பன் வெட்டுனது. கரட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

ஜீப் போன பிறகு அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு ஒண்ணுந் தெரியாது மாப்ள. இன்னைக்குத் தண்ணி கரட்டுதுன்னு எழுதிக்குவான். கரடு ஆரோடது? சர்க்காரோடது. அப்பத் தண்ணியும் சர்க்காரோடது, கட்டு தண்ணித் தீர்வைன்னு நாளைக்கு நோட்டீசு உடுவான். நாம எடங் குடுக்கப்படாது."

"கரடே போச்சுன்னா தீர்வை போட அங்க என்ன மச்சான் இருக்கும்?"

"எங்கப்பன் வெட்டுன கெணறுடா அது. எங்க போயிரும்?"

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், "உன்ற அண்ணன்..." என்று ஆரம்பித்தேன். "எங்கண்ணன் எங்கண்ணன்னு எங்கிட்ட வராதீங்க, பஞ்சாயத்துல ஓட்டுப் போட்டது நீங்கதான்" என்று முடித்துவிட்டாள்.

அதிகாரி புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். "இன்னிக்குக் கேட்டதை அப்படியே எழுதினா ஊருக்குப் பூஜ்யம்தான் வரும். கார்டு இல்லாம, நீங்களே ஊர் கூடி ஒரு மனு எழுதி அனுப்புங்க. அதையும் சேர்த்துக்கறேன்." அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மனசு இருந்தது. கேட்கிற முறைதான் தெரியவில்லை.

கோயிலுக்கு முன்னால் ஊரைக் கூட்டினேன். பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கார்டு வரமாட்டார், பவுண்டு கிடையாது, உள்ளபடி ஒரு மனு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ரூபாயில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லாமல் எப்படி மனு எழுதுவது?

"ரூபாயிலயா?" என்று ஒருவர் பின்னால் இருந்து எழுந்தார். "அப்ப நட்டஈடு தாராங்க!"

"இல்லீங்க, நட்டஈடு இல்ல, இது வந்து..."

யார் கேட்டார்கள்? நான் சொன்ன எதுவும் அதற்குப் பிறகு யார் காதிலும் ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் கரட்டுக்கு நஷ்டஈடு வருகிறது என்று மல்லசமுத்திரம் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. முந்தின வாரம் ஆடே இல்லாத ஊரில் ஆடுகள் மளமளவென்று குட்டி போட்டன.

"எனக்கு அம்பது ஆடு எழுதிக்க."

"உங்ககிட்ட ஒரு கோழிகூட இல்லீங்களே பெரியவரே."

"அதென்ன, எழுதறதுல என்ன கஞ்சத்தனம்? உங்கூட்டுப் பணமா?"

சீமாறுக்காரர் தினமும் ஒரு வண்டிப் புல் அறுப்பதாகச் சொன்னார். உங்கள் மாமன் சாவகாசமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, என்ற கெணத்துக்கும் கரட்டுத் தண்ணிதான்னு போடு. ரெண்டு கெணறுன்னு போடு."

"உங்களுக்கு ஒண்ணுதான மச்சான்?"

"இன்னொண்ணு வெட்டலாம்னு ஒரு ரோசனை இருக்குது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். பொய் எழுதமாட்டேன் என்றேன். "முந்தி இல்லைன்னு சொன்னதும் பொய்தான். அந்தப் பொய்ய ஆபீசரு எழுதறப்பப் பக்கத்துலதான நின்னே, இந்தப் பொய்ய எழுத மட்டும் ஏன் மாட்டேங்கறே?" என்று அந்தக் கோழிகூட இல்லாத பெரியவர் கேட்டார். ஊரே, "அதானே?" என்றது. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் கத்திச் சொல்கிற மாதிரி இல்லை. கடைசியில் உங்கள் மாமனே ஆள் வைத்து எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மெம்பர் முத்திரை குத்தி அனுப்பினார். அதில் ஒரே ஓர் ஆள் மட்டும் கைநாட்டு வைக்கவில்லை. ஆட்டுக்கார அம்மாள். "எனக்கு வேண்டாஞ் சாமி. எனக்கு ஆடு இல்லீங்க" என்று அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

மனசு கேட்காமல் நான் மறுபடியும் சூரமங்கலம் போனேன். மனு மேஜைமேல் இருந்தது. அதிகாரி இந்தத் தடவை சிரிக்கவில்லை, களைத்துப்போயிருந்தார்.

"முதல்ல ஆடே இல்லைன்னாங்க. இப்போ இதுல எழுதியிருக்கற ஆடெல்லாம் ஏறினா கரட்டுல கால் வைக்க இடம் இருக்காது. நான் எதை எழுதட்டும், சொல்லுங்க."

"ரெண்டும் பொய்யிங்க. நானே உள்ளதச் சொல்றனுங்க."

"நீங்க ஒருத்தர் சொல்றதையும், ஊர் பூராவும் கையெழுத்துப் போட்டதையும் வெச்சா மேலே இருக்கறவங்க எதை எடுப்பாங்க?"

"அப்ப யாரையும் கேக்க வேண்டாங்க. நீங்களே வந்து கரட்டடியில ஒரு வாரம் உக்காருங்க. கார்ட உட்டுப்போட்டு வாங்க. காலையில ஆரு ஏர்றாங்க, பொழுதோட என்ன சொமந்துக்கிட்டு எறங்கறாங்கன்னு கண்ணால பாருங்க. எங்கூட்டுலயே தங்கிக்கலாம், சாப்பாடு நாங்க போடறம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு ஜீப் மாசத்துல ரெண்டு நாள்தான் குடுப்பாங்க. இந்த ஜில்லாவுல நான் பார்க்க வேண்டிய கரடு உங்களோடது மட்டும் இல்லை."

"என்ற கெணத்தையாவது எழுதுனீங்களா?"

"எழுதினேன். அடிச்சிட்டாங்க. ஒரு கிணத்துக்காக ஒரு கரட்டை நிறுத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் கடைசியாக எழுதிக் கொடுத்தது என்ன என்று அவரே சொன்னார். மரங்களுக்கு விறகு விலை. மற்ற பலன்கள், குறிப்பிடும்படி இல்லை. அதாவது உங்கள் அம்மா தலைக்குத் தேய்த்த அரப்பு, நம் வயலுக்குப் போட்ட தழை, ஊர் மாடு குடித்த தண்ணீர், எதுவும் குறிப்பிடும்படி இல்லை. அவரிடம் சண்டை போடலாம் என்று பார்த்தால், எங்கள் ஊர் அவரிடம் சொன்னதும் அதைத்தானே!

லீஸ் கிடைத்தது. வேட்டு வைக்க ஆரம்பித்தார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், சில பையன்களுக்கு லாரியிலும் கிரஷரிலும் வேலை கிடைத்தது, ரோடும் வந்தது. நீங்கள் பஸ் ஏறுவது அந்த ரோட்டில்தான். முதல் மழைக்குக் கரட்டிலிருந்து செந்தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கி, வரப்பை அறுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. நம் கிணற்றின் தெற்குக் கண் கொஞ்சநாள் கலங்கலாக வடிந்தது. தை மாசத்தில் நின்றது. கிழங்குச் செடியில் வெள்ளைத் தூசி படிந்து, அடியிலிருந்து இலை உதிர்ந்து, தோட்டமே குச்சி நட்ட மாதிரி ஆயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டு வந்து போர் போட்டேன். வெகு ஆழத்துக்குப் போய், குடிக்கவும் மாட்டுக்கும் போதுகிற அளவுக்குத் தண்ணீர் வந்தது. பாசனத்துக்கு இல்லை. நான் பவர்லூமுக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

உங்கள் மாமன் கிணறும் வறண்டது. சரி, இப்போதாவது ஒத்துக்கொள்வார் என்று பார்த்தேன். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "காலம் கெட்டுப்போச்சு மாப்ள. முந்தி மாதிரி மழை எங்க பெய்யுது?" என்றார். அந்த வருஷம் ஊரே பார்க்க நல்ல மழை பெய்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த வறட்டுக் கிணற்றுக்குள்ளேயே இறக்கியிருப்பேன். உங்கள் அம்மாவுக்காக விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டுக்கார அம்மாள் ரோட்டோரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஜல்லி லாரி போகும்போதெல்லாம் அவை மிரண்டு சாக்கடைக்குள் இறங்கின. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏனுங் சாமி, கரட்டுக்கு ஆபீசருங்க வெலை போட்டாங்களே, எனக்கு அதுல எம்புட்டுப் போட்டாங்க?"

"ஒண்ணும் போடல ஆத்தா. உனக்கு ஆடே இல்லைன்னுதானே சொன்னே? இருக்குது, கரட்டுலதான் மேயுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

"கரடு நின்னாலும் நின்னிருக்கும்."

"நின்னிருக்கும். கார்டு ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருப்பாரு. கரட்ட வெச்சுக்கிட்டு நானு என்னத்தப் பண்றது?" கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு விளங்கவைக்கிற மாதிரி சொன்னாள். "இப்பக் கரடு இல்ல. ஆடாச்சும் இருக்குதுல்லங்க."

இத்தனை நாள் யாரைத் திட்டுவது என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். அதில் இவளும் இருந்தாள். அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. அவளுக்கு அவள் கணக்குச் சரி. மாமனுக்கு அவர் கணக்குச் சரி. ஜீப்பில் வந்த அதிகாரிக்கும் அவருடையது சரிதான் போலிருக்கிறது. எல்லாக் கணக்கும் சரியாக இருந்து கரடு மட்டும் எப்படிப் போனது என்று, படிக்கிற பிள்ளைகள் நீங்களாவது எனக்குச் சொல்லுங்கள். எரிச்சலில் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். எரிச்சல்தான், ஆனாலும் நிஜமாகவே கேட்கிறேன்.

அவள் வேலிக்கு மேல் எட்டி நம் தோட்டத்தைப் பார்த்தாள்.

"கெழங்குதான் காஞ்சு போச்சே. கோரையும் அருகும் மொளச்சுக் கெடக்குது. ஆட்ட உள்ள உடட்டுங்களா சாமி? ரோட்டுல மேய்க்க முடியறதில்ல. சும்மா வேண்டாங்க, வருசத்துக்கு எம்புட்டுன்னு சொல்லுங்க, தந்தர்றேன்."

என்ன கேட்பது என்று நின்று யோசித்தேன். அதிகாரி சொல்லிக்கொடுத்த கழித்தலைக்கூடப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொகையும் வரவில்லை. அதற்குள் ஆடுகள் வேலியில் சந்து கண்டுபிடித்து ஒவ்வொன்றாக உள்ளே இறங்கிவிட்டன.